புள்ளி எண்ணாம கோலம் போடாதீங்க: டைல் கேமும் திரை அளவும்



படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. நீங்க கடைசியா செஞ்ச கேம், ஆப், மினி ப்ராஜெக்ட் எதுவா இருந்தாலும் சரி, அதை உங்க லேப்டாப் தவிர வேற எத்தனை திரையில ஓட்டிப் பார்த்திருக்கீங்க? விரல் விட்டு எண்ணுங்க.

பூஜ்யம்னு வந்தா வெட்கப்பட வேண்டாம். எங்க டீமும் பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யத்துக்கு நாங்க என்ன விலை கொடுத்தோம்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். டைல் வச்சுச் செய்யுற கேமுக்குத் திரை ரெசல்யூஷன் என்பது கடைசி நாள் பார்த்துக்கிற வேலை இல்லை. முதல் நாள், முதல் டைல் வரையறதுக்கு முன்னாடியே முடிவு பண்ண வேண்டிய விஷயம். அதைத் தள்ளிப் போட்டா கேம் அசிங்கமாத் தெரியும் என்பது மட்டும் பிரச்சினை இல்லை. சில பேரால அதை விளையாடவே முடியாது.

மடை உடைஞ்ச கதை

எங்க கேம் பேரு ‘மடை’. கதை நம்ம ஊர்க் கதைதான். கண்மாய்ல தண்ணி கிடக்கு. மடையைத் திறந்து, வாய்க்கால் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வச்சு, நாத்து காயறதுக்குள்ள வயலுக்குத் தண்ணியைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். காரியாபட்டியில இருந்து அருப்புக்கோட்டை ரோட்டுல பஸ்ல போறவங்க கருவேலங்காட்டையும் வத்தின கண்மாயையும் ஜன்னல் வழியாப் பார்த்திருப்பீங்க. எங்களுக்கு ஐடியா அங்கதான் வந்துச்சு.

வாய்க்கால், வரப்பு, வயல், பனைமரம் எல்லாத்தையும் 16க்கு 16 பிக்சல்ல வரைஞ்சோம். அதை 4 மடங்கு பெருசாக்கி 64க்கு 64 டைலா வச்சோம். வேலை செஞ்சது ஸ்கூல்ல எனக்குக் கிடைச்ச அரசு லேப்டாப்ல. திரை 1366க்கு 768. 1366ஐ 64ஆல வகுத்தா 21 டைல் அகலம், கொஞ்சம் மிச்சம். 768ஐ வகுத்தா சரியா 12 வரிசை. அழகா உக்காந்துச்சு. இடது ஓரத்துல கண்மாய், வலது ஓரத்துல வயல், கடைசி வரிசையில ‘தொடங்கு’ பட்டன்.

பொங்கல் லீவுல ஏபிகே ஆக்கி சித்தி மகளுக்கு அனுப்பினேன். அவ எட்டாவது படிக்கிறா. சித்தப்பாவோட போன்லதான் விளையாடுவா. படுக்க வச்சுப் பிடிச்சா அந்தத் திரை 1600க்கு 720. அரை மணி நேரத்துல வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு.

“அண்ணே, படம் சூப்பரா இருக்குண்ணே. ஆனா தொடங்குன்னு நீ சொன்ன பட்டனைக் காணோமே? கீழ ஏதோ பச்சையா ஒரு கோடு மட்டும் தெரியுது.”

கணக்குப் போட்டுப் பாருங்க. 720ல 64 உயரத்துக்கு 11 வரிசை போக மிச்சம் 16 பிக்சல்தான். பன்னிரண்டாவது வரிசையில இருந்த பட்டனோட தலை மட்டும் தெரிஞ்சிருக்கு. அந்தப் பிள்ளை அந்த 16 பிக்சலை எத்தனை தடவை அமுக்கிப் பார்த்துச்சோ! எங்க கணக்குல அவ ‘டெஸ்ட் யூசர்’. அவ கணக்குல அண்ணன் அனுப்பின கேமைத் தனக்கு விளையாடத் தெரியல, அவ்வளவுதான்.

நாங்க என்ன செஞ்சோம்? காலேஜ் படிக்கிற எல்லாரும் செய்யறதைத்தான். அமைப்புகள்ல போய் ‘எந்தத் திரை வந்தாலும் இழுத்து நிரப்பு’ என்பதைப் போட்டு, சரியாயிடுச்சுன்னு நினைச்சுட்டோம்.

அடுத்து சிம்போசியம். மேடையில இருந்த ப்ரொஜெக்டர் 1024க்கு 768. எங்க கேம் உயரத்துல அப்படியே நின்னு அகலத்துல நசுங்கிடுச்சு. 64க்கு 64 இருந்த டைல் 48க்கு 64 ஆச்சு. வண்டிச் சக்கரம் எல்லாம் நிக்க வச்ச முட்டை. அது கூடப் பரவாயில்லை. சரியாச் சொன்னா அந்த அகலம் 48 இல்லை, 47.98. அந்த 0.02 பிக்சல்தான் எங்களைக் கவுத்துச்சு. டைலுக்கும் டைலுக்கும் நடுவுல மயிர்க்கோடு மாதிரி இடைவெளி விட்டுவிட்டுத் தெரிஞ்சுது. வேற கேமா இருந்தா யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. எங்க கேமே வாய்க்கால் கேமாச்சே! மேடைக்கு வந்து விளையாடின முதல் வருஷத் தம்பி மைக்கிலேயே கேட்டான்:

“அண்ணே, வாய்க்கா அங்கங்க உடைஞ்சு கிடக்கு. இதை எப்படிண்ணே அடைக்கிறது?”

அரங்கமே சிரிச்சுச்சு. நாங்களும் சேர்ந்து சிரிச்சு வச்சோம். அவன் மேல தப்பே இல்லை. திரையில தெரிஞ்சதைத்தான் அவன் நம்பினான். இல்லாத உடைப்பை அடைக்கப் பார்த்தே அவனோட 3 நிமிஷம் முடிஞ்சு போச்சு.

அத்தை எப்படிக் கோலம் போடுறாங்க?

இதுக்கான விடையை நான் அதே பொங்கல் லீவுல தினமும் காலையில வாசல்ல மிதிச்சுத் தாண்டிப் போயிருக்கேன். அப்ப உறைக்கல.

அத்தை புள்ளிக் கோலம் போடுறதைக் கவனிச்சுப் பாருங்க. முதல்ல வாசலைத் தெளிச்சுட்டு ஒரு நிமிஷம் நின்னு பார்ப்பாங்க. அப்புறம்தான் எத்தனை புள்ளின்னு முடிவு. வாசல் சின்னதுன்னா புள்ளியை நெருக்கி வைப்பாங்க. அதுக்கும் இடம் பத்தலைன்னா புள்ளி குறைஞ்ச வேற கோலத்துக்குப் போவாங்க. பாதிக் கோலம் வாசல்ல, மீதி சாக்கடைக்குள்ளன்னு போடுற அத்தையை நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் நீட்டி மறுபக்கம் நசுக்கிப் போடுற அத்தையையும் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம். பத்திரிகையில கோலம் வரும்போது ‘ஊடுபுள்ளி 15, 8 வரை’ன்னுதான் போடுவாங்க. எத்தனை சென்டிமீட்டர்னு போட மாட்டாங்க. நோட்டுல போட்டாலும் தெருவை அடைச்சுப் போட்டாலும் அது அதே கோலம்தான். அளவு மாறும், எண்ணிக்கை மாறாது. நம்ம துறையில இதுக்குப் பேரு லாஜிக்கல் ரெசல்யூஷன். கேம் உலகத்தோட அளவு ஒண்ணு, திரையோட பிக்சல் அளவு இன்னொண்ணு. ரெண்டையும் போட்டுக் குழப்பினதுதான் நாங்க செஞ்ச தப்பு.

கோலத்தையும் கம்ப்யூட்டரையும் நான் வலிஞ்சு இழுத்து முடிச்சுப் போடுறேன்னு நினைக்காதீங்க. 1974லேயே, தாம்பரத்துல இருக்குற சென்னைக் கிறித்தவக் கல்லூரியில பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்தை வரிசை வரிசையா அடுக்கப்பட்ட குறியீடுகளாப் பார்த்து, அதுக்கு இலக்கணம் எழுதி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸுக்கான சர்வதேச ஆய்விதழ்ல வந்தது அது. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வர்றதுக்கு 11 வருஷம் முன்னாடி! கட்டம் கட்டமா அடுக்கி ஒரு படத்தை உருவாக்குற சிந்தனை நமக்கு வெளியில இருந்து வந்தது இல்லை.

டைல் எதுக்கு வந்துச்சு?

1983ல ஜப்பான்ல வந்த நின்டெண்டோவோட ஃபேமிகாம் (வெளிநாடுகள்ல என்இஎஸ்) எடுத்துக்கங்க. அதோட படம் 256க்கு 240 பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் 2 பிட் வச்சாலும் ஒரு முழுத் திரைக்கு 15,360 பைட் வேணும். அந்த மெஷின்ல திரைக்குன்னு இருந்த வீடியோ நினைவகமே 2 கிலோபைட்தான். அதனால திரையை 8க்கு 8 பிக்சல் டைலாப் பிரிச்சாங்க. 32 நெடுவரிசை, 30 வரிசை, மொத்தம் 960 கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் எந்த டைல்னு ஒரு எண் மட்டும் போதும். 960 பைட்ல ஒரு திரையோட அடுக்கு முடிஞ்சுது, நிறத்துக்கு இன்னொரு 64 பைட். மாரியோவுல மேகமும் புதரும் ஒரே டைல், நிறம் மட்டும்தான் வேறன்னு நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. காரணம் இந்தச் சிக்கனம்தான்.

அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு வசதி இருந்துச்சு. மெஷினுக்கு ஒரே ஒரு ரெசல்யூஷன். 1989ல வந்த கேம்பாய்ல எல்லாருக்கும் 160க்கு 144 தான். 20 டைல் அகலம், 18 டைல் உயரம். கேம் செஞ்சவர் பார்த்ததும், வாங்கின பிள்ளை பார்த்ததும் ஒரே படம்.

நமக்கு அந்த வசதி இல்லை. நம்ம ஹாஸ்டல்ல ஒரே ஒரு ரூமுக்குள்ள போய்ப் பாருங்க. 1366க்கு 768 ஒண்ணு, 1920க்கு 1080 ஒண்ணு, 1600க்கு 720 போன் ரெண்டு, 2400க்கு 1080 போன் ஒண்ணு இருக்கும். அதுல 1366 இருக்கே, அது ஒரு விசித்திரமான எண். 768ஐ 16க்கு 9ங்கிற விகிதத்துல பெருக்கினா 1365.33 வரும். அதை மேல தூக்கி 1366 ஆக்கினாங்க. 1366ஐ உடைச்சா 2 பெருக்கல் 683, அவ்வளவுதான். 683 ஒரு பகா எண். 8, 16, 32 எதை வச்சு வகுத்தாலும் மீதி வரும். நம்ம ஊர்ல நிறைய பேர் முதல்முதல்ல கோடு எழுதிப் பழகின திரையே டைலுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத திரைங்கிறது ஒரு வேடிக்கை.

கணக்கு இதுதான்

‘மடை’யைத் திரும்ப எழுதும்போது நாங்க 320க்கு 180னு ஒரு லாஜிக்கல் அளவு எடுத்தோம். ஏன் அந்த எண்? 4 மடங்கு ஆக்கினா 1280க்கு 720. 6 மடங்கு 1920க்கு 1080. 8 மடங்கு 2560க்கு 1440. 12 மடங்கு 4கே. சந்தையில இருக்குற முக்கியமான திரைகள்ல தசமம் இல்லாம உக்காரும்.

ஆனா 180ஐ 16ஆல வகுத்தா 11.25. ஸ்க்ரோல் ஆகுற கேம்னா கால் டைல் வெட்டுப்பட்டாக் கவலை இல்லை. எங்களோடது ஒரே திரைப் புதிர். அதனால 10 வரிசைக்கு 160 பிக்சல் போக, மிச்ச 20 பிக்சலை மேல ஸ்கோர் பட்டையா வச்சுட்டோம். அகலத்துல 20 டைல். ஆக 20க்கு 10 கட்டம், ஒரு பட்டை. இதுதான் எங்க புள்ளிக் கணக்கு. இதை முடிவு பண்ணிட்டுத்தான் கண்மாய் எங்கே, வயல் எங்கேன்னு யோசிச்சோம்.

வரையற முறை ரெண்டே படி. முழு கேமையும் முதல்ல 320க்கு 180 இருக்குற ஒரு மறைவான பலகையில வரையணும். அப்புறம் அந்தப் பலகையை மட்டும் திரைக்குப் பெருசாக்கணும். எத்தனை மடங்கு? திரை அகலத்தை 320ஆல வகுங்க. உயரத்தை 180ஆல வகுங்க. ரெண்டுல சின்னதை எடுங்க. தசமத்தை வெட்டுங்க. மிச்ச இடத்தை ரெண்டு பக்கமும் சமமாப் பிரிச்சு நடுவுல வைங்க.

அரசு லேப்டாப்: 1366ஐ 320ஆல வகுத்தா 4.27, 768ஐ 180ஆல வகுத்தாலும் 4.27. எடுக்குறது 4. படம் 1280க்கு 720. பக்கவாட்டுல 43, மேலயும் கீழயும் 24 பிக்சல் கறுப்பு.

சித்தப்பா போன்: அகலத்துல 5, உயரத்துல 4. எடுக்குறது 4. ரெண்டு பக்கமும் 160 பிக்சல் மிச்சம். கட்டை விரல் இருக்குற இடமே அதுதான். ‘தொடங்கு’, ‘திருப்பு’ பட்டன்களை அங்கதான் வச்சோம்.

2400க்கு 1080 போன்: 7.5, 6. எடுக்குறது 6. பக்கத்துக்கு 240 மிச்சம். சித்தப்பா போன்ல எந்த விகிதமோ அதே விகிதம்.

தசமத்தை ஏன் வெட்டணும்? 4.27 மடங்குன்னு அப்படியே விட்டா, நீங்க வரைஞ்ச ஒரு பிக்சல் திரையில சில இடத்துல 4 பிக்சல் அகலமாவும் சில இடத்துல 5 பிக்சல் அகலமாவும் வரும். பாத்திரத்தோட ஒரு கண்ணு பெருசு, ஒரு கண்ணு சின்னது. அது நடக்கும்போது அந்த வீக்கம் உடம்பு மேல அலை மாதிரி ஊர்ந்து போகும். இதை மறைக்க வழுவழுப்பாக்குற பில்டரைப் போட்டா எல்லாம் கண்ணாடி கழட்டிட்டுப் பார்த்த மாதிரி மங்கிடும்.

கறுப்பு ஓரம் அசிங்கமா?

இங்கதான் எங்க டீம்ல சண்டை வந்துச்சு. “சுத்தி கறுப்பா விட்டா மார்க் போடுற சார் முழுத் திரை கூட வரலையான்னு கேப்பாரு”ன்னு ஒரு நண்பன் பிடிவாதமா நின்னான். அவன் சொன்னதுல நியாயம் இல்லாம இல்லை. 1366க்கு 768ல முழு மடங்கு வச்சாத் திரையில 88 சதவீதம் கிடைக்குது, பரவாயில்லை. அந்த ப்ரொஜெக்டர்ல 3 மடங்குதான் போக முடியும். 960க்கு 540. திரையில 66 சதவீதம். மூணுல ஒரு பங்கு கறுப்பு!

என் பதில் இது. ஓரம் கறுப்பா இருந்தா ஒருத்தரும் தோத்துப் போக மாட்டாங்க. பட்டன் வெளியே போனா, வாய்க்கால் உடைஞ்ச மாதிரித் தெரிஞ்சா தோத்துப் போவாங்க. கறுப்பாத்தான் விடணும்னும் இல்லை. வரப்பு, பனைமரம்னு ஒரு சட்டம் வரைஞ்சு அங்க நிரப்புங்க. கேமுக்குத் தேவையான எதுவும் அந்தச் சட்டத்துக்குள்ள மாட்டிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நண்பனுக்கும் ஒரு வழி இருக்கு. மிச்சம் ரொம்ப அதிகமா இருக்குற திரையில ரெண்டு படியாப் பெருசாக்கலாம். முதல்ல தேவைக்கு மேல ஒரு முழு மடங்குக்கு, பக்கத்துப் பிக்சலை அப்படியே எடுக்கிற முறையில கூர்மையா ஏத்துங்க. அங்க இருந்து வேண்டிய அளவுக்கு வழுவழுப்பு முறையில கொஞ்சம் இறக்குங்க. ப்ரொஜெக்டர்னா 4 மடங்குக்குப் போய், 3.2க்கு இறங்கணும். படம் 1024க்கு 576 வரும். பிக்சல் ஓரம் மட்டும் லேசா மங்கும், கண்ணு பெருசு சின்னது ஆகாது. இதை ஆட்டக்காரருக்கே ‘கூர்மை’, ‘பெரிசு’ன்னு ரெண்டு ஆப்ஷனாக் கொடுத்துட்டோம். சண்டை முடிஞ்சுது. எந்த வழியிலயும் அகலத்துக்கு ஒரு மடங்கு, உயரத்துக்கு ஒரு மடங்குன்னு மட்டும் வைக்காதீங்க. சக்கரம் சக்கரமா இருக்கணும்.

சிவகாசி மாமா சொன்ன ப்ளீட்

மயிர்க்கோடு விஷயத்துக்கு வருவோம். அதுல ரெண்டு காரணம் கலந்திருக்கும். ஒண்ணு, டைல் வைக்கிற இடம் தசமத்துல இருக்குறது. கேமரா 37.4ல நின்னா டைல் ஓரம் பிக்சலுக்கு நடுவுல விழும். மறைவான பலகையில வரையும்போது கேமரா இடத்தை முழு எண்ணுக்கு மாத்திட்டா இது போயிடும். கணக்கு வழக்குல தசமத்தை வச்சுக்கங்க, வரையும்போது மட்டும் வெட்டுங்க.

ரெண்டாவது, எல்லா டைலையும் ஒரே பெரிய படத்துல ஒட்டி ஒட்டி வைக்கிறோமே, அட்லஸ்னு, அதுல இருக்குற சிக்கல். ஓரத்துல எடுக்கும்போது ஜிபியு கொஞ்சம் தவறிப் பக்கத்து டைலோட நிறத்தை எடுத்துடும். நீல வாய்க்கால் ஓரத்துல வரப்போட மண் நிறம் எட்டிப் பார்க்கும்.

என் தாய்மாமா சிவகாசியில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல வேலை பார்க்கிறாரு. 1920கள்ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் படிச்சுட்டு வந்ததுல தொடங்கி, தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், பட்டாசுக்கு லேபிள் வேணும்னு அச்சுத் தொழிலும் வளர்ந்த ஊர் அது. மாமாகிட்ட இந்தப் பிரச்சினையைச் சொன்னப்ப அவர் ஒரு அச்சடிச்ச ஷீட்டைத் தூக்கிக் காட்டினாரு. ஒரே ஷீட்ல ஒரே லேபிள் வரிசை வரிசையா. பார்த்தா அசல் அட்லஸ்தான்!

“மாப்ள, கட்டிங் மெஷின் ஒரு நூல் தள்ளி வெட்டினா என்ன ஆகும்? லேபிள் ஓரத்துல வெள்ளை தெரியும். அதுக்குத்தான் டிசைனை வெட்டுற கோட்டுக்கு வெளியயும் 3 மில்லி நீட்டி விடுறது. ப்ளீட்டுன்னு சொல்லுவோம். வெட்டு தவறத்தான் செய்யும். தவறினாலும் அதே கலர்தான் விழணும்.”

நான் நாலு வீடியோ பார்த்தும் புரியாதது ஒரு ஷீட்ல புரிஞ்சுது. டைலோட நாலு ஓரத்துலயும் கடைசிப் பிக்சலை இன்னொரு தடவை நீட்டி விடுங்க. 16க்கு 16 டைல் அட்லஸ்ல 18க்கு 18 இடம் எடுக்கும். ஜிபியு தவறினாலும் அதே நிறத்துலதான் விழும். 256 டைல் இருந்தா 256க்கு 256 இருந்த அட்லஸ் 288க்கு 288 ஆகும். கொடுக்குற விலை அவ்வளவுதான். வெட்டு தவறாம இருக்கும்னு நம்பாம, தவறினாலும் பரவாயில்லைங்கிற மாதிரி வடிவமைக்கிறதுதான் பொறியியல். மாமா காலேஜ் பக்கம் போனதில்லை.

யாருக்கு எவ்வளவு தெரியணும்?

எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற விஷயம் இது. டைல் அளவைத் திரைப் பிக்சல்ல பூட்டி வச்சா, பெரிய திரை வச்சிருக்கிறவனுக்கு உலகம் அதிகமாத் தெரியும். 64 பிக்சல் டைல்ல 1366க்கு 768 திரையில அகலத்துல 21 டைல், உயரத்துல 12. அதே கேம் 1920க்கு 1080ல 30 டைல், கிட்டத்தட்ட 17 வரிசை. பரப்பளவுல ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

துரத்திப் பிடிக்கிற கேம், சுடுற கேம்னு வச்சுக்கங்க. காசு போட்டு நல்ல லேப்டாப் வாங்கினவன் எதிரியை முன்னாடியே பார்த்துடுவான். அரசு லேப்டாப்ல ஆடுறவன் எங்கிருந்து அடி விழுதுன்னே தெரியாமச் சாவான். நீங்க அப்படி ஒரு விதி எழுதவே இல்லை. ஆனா கேமுக்குள்ள அந்த விதி இருக்கு. நீங்க முடிவு எடுக்காததனால கடைக்காரர் பில் எடுத்த முடிவு.

லாஜிக்கல் அளவு வச்சா இது தானா சரியாயிடும். எல்லாருக்கும் 20க்கு 10 கட்டம். நல்ல திரைக்காரனுக்குப் படம் பெருசாத் தெரியலாம், கூர்மையாத் தெரியலாம். கூடுதலாத் தெரியக் கூடாது. தனியாளா ஆடுற கேம், அகலமான போன்ல கொஞ்சம் கூடுதலாக் காட்டினா அழகா இருக்கும்னா காட்டுங்க, தப்பில்லை. அதை நீங்க யோசிச்சு முடிவு பண்ணியிருக்கணும்.

“என்ஜின் பார்த்துக்கும்”

இதைச் சொல்லாத ஆள் இல்லை. பாதி உண்மை. கோடோவுல ஸ்ட்ரெட்ச் அமைப்புல ‘வியூபோர்ட்’னு வச்சா நான் சொன்ன மறைவான பலகை முறை வந்துடும். விகிதத்தைக் காப்பாத்த ‘கீப்’ இருக்கு. புதிய பதிப்புகள்ல முழு மடங்கு மட்டும்னு சொல்லவும் வழி இருக்கு. யூனிட்டியில ‘பிக்சல் பெர்ஃபெக்ட் கேமரா’ இருக்கு, படத்தோட பில்டரை ‘பாயின்ட்’ ஆக்கணும். எல்லாம் இருக்கு. ஆனா எத்தனை புள்ளின்னு என்ஜின் சொல்லாது. நாங்க பயன்படுத்தினதும் கோடோதான். அதுல ஒரு தப்பான ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்துட்டு, என்ஜின் பார்த்துக்கும்னு மேடை ஏறினவங்க நாங்க.

என்ஜினுக்கு வெளியயும் பொறி இருக்கு. விண்டோஸ்ல டிஸ்ப்ளே ஸ்கேலை 125 சதவீதம் வச்சிருந்தா, டிபிஐ விஷயத்தை நானே பார்த்துக்கிறேன்னு அறிவிக்காத புரோகிராமுக்கு 1920க்கு 1080 திரை 1536க்கு 864னு பொய் சொல்லப்படும். நீங்க கணக்கா 4 மடங்கு வரைவீங்க. விண்டோஸ் அதை இன்னொரு 1.25 மடங்கு இழுத்து மங்கலாக்கிடும். பிரவுசர்லயும் இப்படித்தான். 720க்கு 1600 போன் 360க்கு 800னு சொல்லும். உண்மையான பிக்சல் எத்தனைன்னு தனியாக் கேட்டு வாங்கணும்.

பிக்சல் கலை இல்லாம கையால வரைஞ்ச பெரிய படங்களை வச்சுச் செய்யறவங்களுக்கு முழு மடங்கு கட்டாயம் இல்லை. வழுவழுப்பு முறையிலேயே நல்லா இருக்கும். எத்தனை டைல் தெரியணும், பட்டன் எங்க நிக்கணும்ங்கிற கேள்வி அவங்களுக்கும் உண்டு.

ரெண்டு கோரிக்கை

முதல் கோரிக்கை நமக்கு. ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முன்னாடி மூணு திரையில ஓட்டுங்க: 16க்கு 9 ஒண்ணு, 4க்கு 3 ஒண்ணு, நீளமான போன் ஒண்ணு. கையில திரை இல்லைன்னா விண்டோ அளவை 1366க்கு 768, 1024க்கு 768, 1600க்கு 720னு மாத்தி மாத்தி வச்சுப் பாருங்க. பத்து நிமிஷ வேலை. முடிஞ்சா உங்க வீட்டுலயே ரொம்பப் பழைய போன் யார்கிட்ட இருக்கோ அவங்க கையில கொடுங்க. கொடுத்துட்டு வாயைத் திறக்காதீங்க. “இங்க அமுக்கு”ன்னு நீங்க சொன்ன நிமிஷமே அந்தச் சோதனை முடிஞ்சு போச்சு.

ரெண்டாவது, சிம்போசியம் நடத்துறவங்களுக்கு. எந்தக் காலேஜா இருந்தாலும் சரி, கேம் போட்டின்னா நோட்டீஸ்லயே மேடைத் திரையோட ரெசல்யூஷனைப் போடுங்க. ஒரே ஒரு வரி. வெளியூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வர்ற டீமுக்கு அது பெரிய உதவி. மதிப்பெண் தாள்லயும் “எந்தெந்தத் திரையில ஓட்டிப் பார்த்தீங்க?”ன்னு ஒரு கேள்வி சேருங்க. அதுக்கு 5 மார்க் கொடுத்தாப் போதும், எல்லாரும் ஓட்டிப் பார்ப்பாங்க. நம்மளைப் பத்தி நமக்குத் தெரியாதா!

புது ‘மடை’யை சித்தி மகளுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை நான் எதுவும் சொல்லல. மறுநாள் வந்த மெசேஜ் இது:

“அண்ணே, பதினாலாவது வயலுக்குத் தண்ணி போகவே மாட்டேங்குது. நீயே போட்டுக் காட்டு பாப்போம்.”

நானும் உக்காந்து பார்த்தேன். இன்னும் போகலை. ஆனா இது திரைப் பிரச்சினை இல்லை மக்களே, புதிர் பிரச்சினை. இந்த மாதிரிப் பிரச்சினைக்காகத்தானே கேம் செஞ்சோம்!